டீச்சர் பஸ்

கோவில்பட்டி அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்கு மேல் எட்டயபுரம் பக்கம் கிளம்பும் டவுன் பஸ்ஸுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டீச்சர் பஸ்'. தடம் எண்ணை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பாதி இருக்கைகளில் ஆசிரியைகள்தான். தோளில் கைப்பை, மடியில் வயர்கூடை, கூடைக்குள் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், திருத்தி முடித்த நோட்டுக் கட்டு. மீதி இடத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், வழியில் தீப்பெட்டி ஆபீசில் இறங்குகிறவர்கள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் கண்டக்டருக்குச் சில்லறைத் தொல்லை குறைவு. படிக்கட்டில் நிற்கிற பையன்களை மேலே ஏறச்சொல்லிக் கத்துவதுதான் பெரிய வேலை.

ஒரு பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பள்ளிக்குள் போக வேண்டியதுகூட இல்லை. இந்த பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். எனக்கு முன்சீட்டில் இருந்தவர் ஈராசிரியர் பள்ளிக்காரர். "எங்க எச்.எம். மெடிக்கல் லீவு. நாந்தான் பொறுப்பு. பஸ் ஏறதுக்குள்ள மூணு லிங்க் வந்துருச்சு" என்று போனைக் காட்டினார். லிங்க் என்றால் உடனே நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம். பக்கத்திலிருந்தவர் வேறு பள்ளி. "எங்க பெரிய டீச்சரு லிங்கையெல்லாம் பதினோரு மணிக்கு மேலதான் பாப்பாக. காலைல நேரா கிளாசுக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிடுவாக. நாம சும்மா இருக்க முடியுமா?" என்றார். குரலில் புகார் பாதி, பெருமை பாதி.

ஒரே ஒன்றியம், ஒரே சம்பளம், ஒரே பாடநூல், ஒரே வட்டார வள மையத்தில் ஒரே பயிற்சி. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு பள்ளிகள் ஏன் இரண்டு உலகமாக இருக்கின்றன? அதைப் பார்க்கத்தான் கரிசல் பக்கம் வந்திருந்தேன். வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனாலும் ஊர்ப் பெயர்களை எழுதப்போவதில்லை. எழுதினால் நல்ல பள்ளிக்குப் பார்வையாளர் தொல்லை, மற்றப் பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்.

முதலில் போனது ஒரு நடுநிலைப் பள்ளி. எச்.எம். ஓய்வு பெற்றுப் போன பிறகு நாற்காலி காலி. மூத்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பொறுப்பு பார்க்கிறார். அவர் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் ஆசிரியரும்கூட. இப்படிக் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு வழக்குக் கதை உண்டு. பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமா என்பதில் 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மேல்முறையீடு போய், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பதவி உயர்வு வேண்டுமானால் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். வழக்கு நடந்த காலம் முழுக்கப் பிள்ளைகள் வகுப்பு மாறி வகுப்பு போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

அந்தப் பொறுப்பு ஆசிரியர் சோம்பேறி இல்லை. நான் அவர் அறையில் இருந்த நேரமெல்லாம் மனிதர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, காலை உணவுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு, சீருடை அளவு, ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைகளின் பட்டியல். நடுவில் வட்டார வள மையத்திலிருந்து போன். "சார், நேத்து அனுப்புனது எக்செல்ல வேணுமாம்." ஏழாம் வகுப்பில் அவர் எடுக்க வேண்டிய அறிவியல் பாடவேளையில் பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மாணவத் தலைவி குச்சியோடு நின்றாள்.

அதே கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். கோவில்பட்டி ஆச்சே, கையில் ஒரு கடலைமிட்டாய்ச் சில்லு. பன்னிரண்டு துண்டாகக் கோடு கிழித்து, "ஆறில் ஒரு பங்கை முத்து தின்னா எத்தனை துண்டு போச்சு?" என்கிறார். முத்து இரண்டு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு சரியாகவே சொன்னான். அடுத்து ஒருத்தி நான்கில் ஒரு பங்கு கேட்டு வாங்கினாள். முத்துவும் அவளும் தின்றது போக எத்தனை பங்கு மிச்சம் என்று கேட்டதும் வகுப்பே சண்டை போட்டது. பன்னிரண்டில் ஏழு என்று எழுந்து சொன்னவள் கடைசி வரிசைப் பெண். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத பாடம் அது. பக்கத்து அறையில் நான்காம் வகுப்பு ஆசிரியர் அதே பின்னத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நாற்காலியில் இருந்தார். நடுவில் இருந்தது ஒரு மரத் தட்டி. இங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வைக்க ஆளும் இல்லை.

"பொறுப்பு சாரை ஒரு நாள் வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன். பாவம், அவருக்கு ஏது நேரம்?" என்றார் அந்த டீச்சர். கொஞ்சம் நிறுத்தி, "நல்லா நடத்துனாலும் அதே, நடத்தாட்டாலும் அதே" என்றார். நல்ல ஆசிரியர்கள் தேய்ந்துபோவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சம்பளம் போதாமல் யாரும் தேய்வதில்லை. பார்க்க ஆளில்லாமல் தேய்கிறார்கள்.

வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு அம்மா வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். மகளுடைய சாதிச் சான்றிதழில் பெயர் தப்பாம். உள்ளே போங்கள் என்றேன். "சார் போன் பேசிட்டு இருக்காக. கூப்புடுவாக" என்று அங்கேயே நின்றார். அவரை யாரும் விரட்டவில்லை. உள்ளே வந்து உட்காரலாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

சட்டப்படி பார்த்தால் அந்தப் பள்ளிக்கூடம் அந்த அம்மாவுடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை இருபது பேர் கொண்டதாகத் திருத்தி அமைத்து, ஒரு தாயைத் தலைவியாக்கினார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனது. இந்தியாவில் இவ்வளவு தெளிவாக விதி எழுதிய மாநிலங்கள் குறைவு என்பது என் எண்ணம். ஆனால் இந்த ஊர்த் தலைவியை வீட்டில் போய்ப் பார்த்தபோது, "தலைவின்னு சொன்னாக. நோட்டு வரும், கையெழுத்துப் போடுவேன்" என்றார். கூட்டப் பதிவேடு வீடு வீடாகப் போய் வருகிறது. கூட்டம்தான் வருவதில்லை.

இது இந்த ஊரின் தனிக் குறையும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அங்கே ஊர்க் கல்விக் குழு உறுப்பினர்களிலேயே பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரிந்திருக்கவில்லை. ஊரைக் கூட்டி, குழுவின் உரிமைகளை விளக்கிச் சொன்ன பிறகும் பெற்றோர் பங்கேற்பிலோ ஆசிரியர் உழைப்பிலோ சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. பெற்றோருக்கு விவரம் தெரியாததுதான் பிரச்சினை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மத்தியானம் எட்டயபுரத்தில் இறங்கினேன். பாரதி பிறந்த வீட்டைப் பார்க்க வந்த சுற்றுலா வேன் ஒன்று நின்றிருந்தது. நான் அந்த ஊருக்குப் போனது வேறு காரணத்துக்காக. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் இது. ஆரம்பத்தில் அந்தச் சோறு அரசாங்கக் காசில் வேகவில்லை. ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் வெந்தது. காமராசருக்கு இது புதிதாக இருந்திருக்காது. அவர் சிறுவனாகப் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலையே வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தப்பட்ட பள்ளிதான். அவருக்குத் துணையாகப் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். ஒருவர் மேசை கொடுத்தார், ஒருவர் கடிகாரம் கொடுத்தார், ஒருவர் நிலமே எழுதிவைத்தார். கேட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் வாத்தியார்கள்.

அன்றைக்கு வாத்தியார் ஊரிலேயே குடியிருந்தார். சாயங்காலம் திண்ணையில் இருப்பார். கோயில் கொடையில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில் இருப்பார். பெற்றோர் கூட்டம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்றைக்கு நாலரை மணிக்குத் திரும்புகிற டீச்சர் பஸ்ஸில் மொத்தப் பள்ளிக்கூடமும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிள்ளைகளுக்கும் டவுனில் படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் தானாக இருந்த உறவு போன பிறகு, யாராவது ஒருவர் உட்கார்ந்து அதை வேண்டுமென்றே கட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் எச்.எம்.தான். வேறு யாருக்கும் அந்த அவசியம் கிடையாது.

பஸ்ஸில் பெருமையாகப் பேசினாரே, அவருடைய 'பெரிய டீச்சர்' பள்ளிக்கு ஒரு புதன்கிழமை போனேன். சமையற்கூடத்தில் காலை உணவு முடியும் நேரம். பொங்கல், சாம்பார். சமைக்கிற மூவரும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள். திட்டத்தின் விதியே அப்படித்தான். மற்றப் பள்ளிகளில் இவர்கள் பாத்திரம் கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். இங்கே கை துடைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எச்.எம். முதல் நாளே அப்படிச் சொல்லிவைத்தாராம்.

எச்.எம்.முக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை, அதாவது தீக்குச்சிச் சட்டம், அடுக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். வருகைப் பதிவு போனதும் போனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "அவசரம்னா ஆபீஸ்ல இருந்து ஆள் வரட்டும்" என்று சிரித்தார். பிறகு நான்காம் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் அமர்ந்தார். பாடம் நடத்திய இளம் டீச்சர் ஒரு வினாடி தடுமாறி, பிறகு பழகியவர் மாதிரி தொடர்ந்தார். எச்.எம். டீச்சரைப் பார்க்கவே இல்லை. பையனுடைய நோட்டைப் புரட்டினார். 'பள்ளி' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'பல்லி' என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் சிவப்பு மையில் 'சரி' குறி. எச்.எம். ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினார்.

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் டப்பாவைத் திறந்து வட்டமாக உட்கார்ந்தபோது அந்த இளம் டீச்சரிடம் கேட்டார். "ஏம்மா, மூணாம் வகுப்புல எனக்கும் இந்த ல, ள ஓட மாட்டேங்குது. நாளைக்கு முதல் பீரியடு நான் எடுக்கேன், நீ வந்து பாரு. எங்க தப்பு விடுறேன்னு சொல்லு." அவ்வளவுதான். சிவப்புக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் நானும் பார்த்தேன். எச்.எம். நடத்திய பாடம் உண்மையிலேயே பாதியில் சொதப்பியது. பிள்ளைகள் நாக்கை மடக்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். இளம் டீச்சர் எழுந்து, கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்கவைத்தார். அன்று சாயங்காலம் அவர் தன் வகுப்பு நோட்டுகளை மறுபடி திருத்திக்கொண்டிருந்தார். யாரும் திருத்தச் சொல்லவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் சகாக்களும் 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். தலைமையாசிரியர்கள் செய்கிற வேலைகளில் மாணவர்களின் படிப்பை அதிகம் உயர்த்துவது எது என்று பார்த்தார்கள். ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தானும் ஒருவராக உட்கார்ந்து கற்பதுதான் முதலில் வந்தது. அதை இந்த எச்.எம். படித்திருக்க வாய்ப்பில்லை. நான் சொன்னபோது, "அப்படியா? எனக்கு வேற வழி இல்ல சார், அதான்" என்றார்.

வேறு வழி இல்லை என்பது நிஜம். அரசுப் பள்ளி எச்.எம்.முக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க அதிகாரம் இல்லை. அது கலந்தாய்வில் நடக்கும். சம்பளம் கருவூலத்திலிருந்து வரும். நீக்குவது நினைத்தே பார்க்க முடியாது. அதிகபட்சம் ஒரு மெமோ கொடுக்கலாம். மெமோ கொடுத்தால் மறுநாளே சங்கத்திலிருந்து போன் வரும். சின்னப் பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாகத் தலைமையாசிரியர். அதற்குக் கீழே எச்.எம்.மும் ஒரு வகுப்பாசிரியர்தான், கூடவே குமாஸ்தா. கையில் இருக்கும் ஒரே ஆயுதம் தன்னுடைய நேரம். அதை எங்கே செலவழிக்கிறார் என்பதைத்தான் மற்ற ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டு அடிக்கடி தாமதமாக வந்த ஆசிரியர் ஒருவர் இங்கே இருந்தாராம். அவர் வரும்வரை எச்.எம்.மே அவர் வகுப்பை எடுத்திருக்கிறார். வந்ததும் "வாங்க சார், இருபத்தி மூணாம் பக்கம்" என்று சுண்ணாம்புக் கட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். கொஞ்ச நாளில் அவர் முந்தின பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்.

மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். தீப்பெட்டி ஆபீசில் கட்டைக் கணக்குக்குத்தான் கூலி. மூன்று மணிக்கு எழுந்து வந்தால் அன்றைய கூலியில் துண்டு விழும். எச்.எம். போய் ஆபீஸ் கணக்கப்பிள்ளையிடம் பேசியிருக்கிறார். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாக்களுக்குக் காலையில் முன்கூட்டியே கட்டை கொடுக்கிறார்கள். போதாததற்கு, பருவத்துக்கு ஒரு முறை பொழுது சாய்ந்த பிறகு ஊர் மந்தையிலேயே ஒரு கூட்டம். அரசாணையில் இல்லாத கூட்டம் அது. நான் போயிருந்த அன்று எச்.எம். பேசியது இரண்டே நிமிடம். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, தன் அம்மா பக்கத்தில் நின்று, நான்கு வரி வாசித்தது. படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை திக்குகிறதா, ஓடுகிறதா என்பது கேட்டால் தெரியும். ஒரு சின்னவன் மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். அவன் அப்பா எழுந்து, "நாலாப்பு வந்துட்டான், இன்னும் எழுத்துக் கூட்டுதான். யாரு பொறுப்பு டீச்சர்?" என்றார். மந்தை அமைதியாகிவிட்டது. "நாங்கதான் அண்ணாச்சி. தை மாசத்துக்குள்ள வாசிக்க வச்சிருதோம். நீங்க அதுவரைக்கும் அவன ஆடு மேய்க்க அனுப்பாம இருங்க" என்றார் எச்.எம். கணக்கு இரண்டு பக்கமும் நேரானது.

எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே கூட்டத்தில் குழுத் தலைவி, எட்டாம் வகுப்பு ஆசிரியர் தன் மகனை எல்லோர் முன்னாலும் மக்கு என்று சொன்னதாகக் குற்றம் சாட்டினார். எச்.எம். ஆசிரியருக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவரைச் சபையில் கேள்வி கேட்கவும் இல்லை. "நாளைக்கு சாரும் நானும் வீட்டுக்கு வாரோம்" என்றார். போனார்களாம், காப்பி குடித்தார்களாம். ஆனால் அந்த ஆசிரியருக்கு மனத்தாங்கல் தீரவில்லை. திரும்பும் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "அவங்க நல்லவங்கதான் சார். கூட வேலை பாக்குறதுதான் கஷ்டம். ராத்திரி ஏழு மணிக்கு மந்தையில நிக்கச் சொன்னா என் வீட்டப் பாக்குறது யாரு?" நியாயமான கேள்வி. ஒருவருடைய தியாகத்தை நம்பி முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நடத்த முடியாது. இந்த எச்.எம். மாறுதலில் போய்விட்டால் மந்தைக் கூட்டம் எத்தனை மாதம் தாங்கும் என்று தலைவியிடம் கேட்டேன். "நாங்க கூப்புடுவோம்ல" என்றார். நான் அவ்வளவு நம்பிக்கையோடு இல்லை.

     

இந்த எச்.எம். செய்வதையே ஒரு திட்டமாக எழுதி எல்லாப் பள்ளிக்கும் கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். மத்தியப் பிரதேசத்தில் 'சாலா சித்தி' என்ற பெயரில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதவைத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அதை ஆராய்ந்தார்கள். திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. ஆசிரியர் நடத்தையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் மாற்றம் ஏதும் தெரியவில்லை. நம் ஊரிலும் இன்னொரு செயலி, இன்னொரு பதிவேடு, எச்.எம்.களுக்கு இன்னொரு 'தலைமைப் பண்பு' பயிற்சி என்று போனால் முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் எளியது. காலியாக உள்ள தலைமையாசிரியர் பணியிடங்களை ஜூனில் பள்ளி திறக்கும் முன் நிரப்புங்கள். நடுநிலை, தொடக்கப் பள்ளிகளில் மூன்று நான்கு பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரைப் போட்டு, காலைப் பொழுதை எச்.எம்.களிடம் திருப்பிக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று: அடுத்த முறை தீர்மானப் பதிவேடு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளிக்கு வந்து போடுகிறேன் என்று சொல்லுங்கள். போன இடத்தில் பேனாவை எடுக்கும் முன் உங்கள் பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.